தேக்சாவை அளந்தபின் அடுப்பை வாங்குங்கள்

2018ஆம் ஆண்டு ரமளான் மாதம் கடுங்கோடையில் வந்தது. அதன் கடைசிப் பத்தில் ஒருநாள் மாலை, என் ராத்தா வீட்டுச் சமையலறையிலிருந்து வெடி வெடித்தாற்போன்ற ஓசை எழுந்தது. கூடத்தில் அமர்ந்து இஃப்தாருக்குப் பழம் நறுக்கிக் கொண்டிருந்த நாங்கள் பதறி எழுந்து ஓடினோம். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று எண்ணினோம். சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பின் மேற்பரப்பாக இருந்த கறுப்புக் கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் துண்டுகளைப் போல் நொறுங்கிச் சமையல் மேடையிலும் தரையிலும் சிதறிக் கிடந்தது. தம்மில் இருந்த பிரியாணித் தேக்சா ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. ராத்தா அஸர் தொழுவதற்காக அறைக்குச் சென்றிருந்ததால் அவருடைய முகமும் கைகளும் தப்பின.

இரண்டு கிலோ அரிசி, இரண்டு கிலோ கறி. கண்ணாடித் துகள் எங்கே கலந்திருக்கிறதோ என்ற அச்சத்தில் ஒரு பிடி சோற்றைக்கூட எவருக்கும் கொடுக்க இயலவில்லை. அன்று கஞ்சியோடும் பேரீச்சம்பழத்தோடும் நோன்பு திறந்தோம்.

அந்த அடுப்பு வாங்கி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. ராத்தாவின் மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது, உம்மாவுக்கு நல்லதொரு பொருளாக வாங்கித் தரவேண்டும் என்ற பாசத்தில், கடையில் இருந்தவற்றுள் விலை மிகுந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு அனுப்பினான். நான்கு பர்னர், முகம் பார்க்கும்படியான பளபளப்பு. முறையிடச் சென்றபோது கடைக்காரர் அடுப்போடு வந்த குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடியகலம் கொண்ட பாத்திரத்தை ஏற்றக்கூடாது, பாத்திரத்திற்கும் பர்னருக்கும் நடுவில் தோசைக்கல் போன்றவற்றை வைக்கக்கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. எங்களில் எவரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் முப்பதாண்டுகளாகச் சமைத்து வருபவர் ராத்தா. எந்தெந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள் என்று கடைக்காரரும் அவரிடம் கேட்கவில்லை. பெற்ற மகனும் கேட்கவில்லை.

கண்ணாடி ஏன் வெடிக்கிறது?

அடுப்பின் மேல் பதிக்கப்படும் கண்ணாடி சன்னல் கண்ணாடியைப் போன்றதன்று. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, பின் வேகமாகக் காற்றடித்துக் குளிரச் செய்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி மெதுவாகக் குளிர்ந்து சுருங்குகிறது. இதனால் வெளிப்பரப்பு எப்போதும் அமுங்கிய நிலையிலும் உட்பகுதி இழுபட்ட நிலையிலும் இருக்கின்றன. வெளிப்பரப்பின் இந்த அமுக்கம்தான் அதன் வலிமைக்குக் காரணம். அது ஒரே நொடியில் முழுவதும் நொறுங்கிப் போவதற்கோ உட்பகுதியின் இழுவிசை காரணம். ஓரிடத்தில் ஏற்படும் ஆழமான விரிசல் கண் இமைப்பதற்குள் கண்ணாடி முழுவதும் பரவிவிடும். நடுப்பரப்பில் பலமான அடியைத் தாங்கக்கூடிய அந்தக் கண்ணாடி, ஓரத்தில் படும் சிறு அடியைத் தாங்காது. சூடாக இருக்கையில் தண்ணீர்த் துணியால் துடைப்பதும், உறைபெட்டியிலிருந்து எடுத்த கறிப்பொட்டலத்தை அதன்மேல் வைப்பதும் ஆகாது.

ராத்தா வீட்டில் நடந்தது வேறு வகை. பிரியாணிக்குத் தம் போடும்போது அடி பிடிக்காமல் இருப்பதற்காகப் பெரிய இரும்புத் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் தேக்சாவை ஏற்றுவது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். விறகடுப்பிலும் பழைய எஃகு அடுப்பிலும் இதனால் ஒரு கேடும் வந்ததில்லை. ஆனால் பர்னரை விடப் பன்மடங்கு அகலமான கல், மேலே எழவேண்டிய வெப்பத்தைத் தடுத்துக் கீழ்நோக்கித் திருப்புகிறது. முக்கால் மணி நேரம் அவ்வாறு நிகழ்ந்தால், பர்னரைச் சுற்றியுள்ள கண்ணாடி கொதிக்க, ஓரப்பகுதி அவ்வளவு சூடாகாமல் இருக்க, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்ணாடி தாங்க மாட்டாது போகிறது. அன்று தேக்சாவின் எடையும் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது.

கண்ணாடி அடுப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில், இரண்டு லிட்டர் குக்கரும் ஒரு வாணலியும் ஒரு பால் பாத்திரமும் மட்டுமே புழங்கும் சமையலறையில் அது பல்லாண்டுகள் உழைக்கும். துடைப்பதும் எளிது. ஆனால் நம்மவர் இல்லங்களில் சமையல் என்பது பெரும்பாலும் அந்த அளவோடு நிற்பதில்லை.

அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும்

ஆதலால் கடைக்குப் புறப்படுமுன் செய்யவேண்டிய வேலை வீட்டிலேயே இருக்கிறது. பரணில் இருப்பவை உட்பட, ஆண்டில் நான்கைந்து முறையேனும் அடுப்பில் ஏறும் பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்புங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய சட்டி, இடியாப்பம் அவிக்கும் பாத்திரம், வட்டிலப்பம் அவிக்கும் அகன்ற குண்டான், ஆப்பச்சட்டி, பெருநாள் தேக்சா எல்லாம் வரட்டும். ஒவ்வொன்றின் அடியகலத்தையும் வாயகலத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. அடுத்தடுத்த இரண்டு பர்னர்களில் ஒன்றில் 36 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டியும் மற்றொன்றில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரமும் ஒரே வேளையில் இருக்கவேண்டுமானால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 33 வருகிறது. இரண்டு பர்னர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே குறைந்தது 33 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இதன் பொருள். 60 சென்டிமீட்டர் அகலமே உள்ள நான்கு பர்னர் அடுப்பில் இந்த இடைவெளி இருக்க வழியில்லை. அங்கே பெரிய சட்டி ஒன்று ஏறினால் பக்கத்துப் பர்னர் இரண்டும் வீண்தான். நான்கு பர்னருக்கு விலை கொடுத்துவிட்டு இரண்டில் சமைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு, நன்கு விலகி நிற்கும் இரண்டு பர்னரோ மூன்று பர்னரோ உள்ள அடுப்பு எவ்வளவோ மேல்.

பின்புறச் சுவருக்கும் இதே கணக்கு உண்டு. 36 சென்டிமீட்டர்ச் சட்டி ஏறவேண்டுமெனில் பர்னரின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 18 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். இல்லையேல் சட்டியை முன்னால் இழுத்து வைப்போம், அது தாங்கிக் கம்பியின் நுனியில் நிற்கும், கைபட்டால் கவிழும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதைவிட ஆபத்து வேறில்லை.

அளவுகளைக் குறித்தபின் சுண்ணக்கட்டியால் சமையல் மேடையின்மீதே அடுப்பின் வடிவத்தை வரைந்து, பாத்திரங்களை அதில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கால்மணி நேர வேலை. கடையில் எந்தப் பளபளப்பும் பின்னர் உங்களை மயக்காது.

எஃகா, கண்ணாடியா, மேடைக்குள் பதிப்பதா?

பழைய எஃகு அடுப்பை இப்போது பலர் மதிப்பதில்லை. கடைகளில் அதனை ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெருஞ்சமையல் உள்ள வீட்டுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. நெளியும், கறை படியும், துடைக்கக் கூடுதல் நேரம் ஆகும், உடையாது. அதிலும் தகடு தடிப்பாக உள்ளதா என்பதை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். தாங்கிக் கம்பி மெல்லிய தகட்டால் ஆனதாக இருந்தால் ஆறே மாதத்தில் வளைந்துவிடும். வார்ப்பிரும்பாலானதோ தடித்த கம்பியாலானதோ வேண்டும்.

சமையல் மேடைக் கல்லை வெட்டி அதற்குள் அடுப்பை இறக்கிப் பதிக்கும் முறை புதுவீடுகளில் பரவி வருகிறது. ஹாப் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். மேடையோடு மேடையாக அமைவதால் அழகு மிகுதி. அடுப்பின் கீழே அழுக்குச் சேராது. பாத்திரம் வைக்கும் உயரமும் சற்றுக் குறைகிறது. உயரம் குறைந்த பெண்களுக்கும் கனத்த சட்டியைத் தூக்குபவர்களுக்கும் இது உண்மையான வசதி. இதிலும் மேற்பரப்பு கண்ணாடியாகவோ எஃகாகவோ இருக்கும். மேலே கண்ணாடியைப் பற்றிச் சொன்னவை இதற்கும் பொருந்தும்.

ஆனால் கிரானைட் கல்லை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். ஹாப் அடுப்புகளுக்கு வேண்டிய துளையின் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பத்தாண்டு கழித்து அடுப்பை மாற்ற நேர்ந்தால், அதே துளைக்குப் பொருந்துவதைத் தேடி அலையவேண்டும், அல்லது கல்லையே மாற்றவேண்டும். வாடகை வீட்டில் இருப்போர் இதைப் பற்றி எண்ணவே வேண்டாம். பழுது நேரும்போது சாதாரண அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம்; ஹாப் அடுப்புக்கு ஆள் வீடு தேடி வரவேண்டும். உங்கள் ஊருக்கு வந்து பழுது பார்க்கும் ஆள் இருக்கிறாரா என்பதை வாங்குமுன்னரே விசாரியுங்கள். சென்னையில் வாங்கி அதிராம்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ பதிப்போர் இதை முக்கியமாகக் கருதவேண்டும்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் போகும் ரப்பர்க்குழாய். மேடைமேல் இருக்கும் அடுப்பில் குழாய் நம் கண்முன் இருக்கிறது. ஹாப் அடுப்பில் அது கல்லுக்கு அடியில், இழுப்பறைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. எலி கடித்தாலும் வெடிப்பு விட்டாலும் தெரியாது. பதிப்பதாயின், திறந்து பார்க்கும் வகையில் ஒரு கதவு அமைத்துக் கொள்ளுங்கள். இல்லத்துக்கான குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் குழாயின்மீதே அச்சிடப்பட்டிருக்கும்.

சிலிண்டரை ஹாப்பின் கீழே காற்றுப் புகாத பலகை அறைக்குள் பூட்டி வைப்பதும் இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து சன்னல் வழியே போய்விடாது. தரையோடு தரையாகத் தேங்கும். அந்த அறையின் கதவில், தரைமட்டத்தில், காற்றுப் போக்குவரத்துக்குத் துளைகள் கட்டாயம் வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறானது. அது காற்றைவிட இலேசானதாகையால் கூரைப்பக்கம் சேரும். அதற்கு மேற்புறத்தில் திறப்பு வேண்டும். சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் இக்குழாய் இணைப்பு வந்திருக்கிறது. உங்கள் தெருவுக்கும் வரக்கூடும் என்றால், வாங்கும் அடுப்பின் ஜெட் எனப்படும் சிறுதுளைத் திருகை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிலிண்டருக்கான ஜெட்டோடு இயற்கை எரிவாயுவை எரித்தால் சுடர் சோம்பிப்போகும். மாற்றி அமைத்த ஜெட்டோடு சிலிண்டரை இணைத்தால் சுடர் பேயாக எழும். எரிவாயு கசிகிறது என்ற ஐயம் எழுந்தால் உதவிக்கு அழைக்கவேண்டிய எண் 1906. விளக்கின் பொத்தானைத் தொடாமல், வெளியே வந்து அழையுங்கள்.

சுடரைப் பாருங்கள்

ஓர் அடுப்பின் உண்மையான தகுதி அதன் பர்னரில் இருக்கிறது. பித்தளைப் பர்னர் கனமானது. நெடுநாள் வெப்பத்தில் உருமாறாது. அலுமினியக் கலவைப் பர்னர் விலை குறைவு. கஞ்சியும் பாலும் பொங்கி வழிந்து அதன்மேல் காயக் காய, துளைகள் அரித்துச் சுடர் ஒழுங்கற்றுப் போகும். நோன்பு மாதம் முழுவதும் கஞ்சி காய்ச்சும் வீட்டார் இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சுடர் நீலமாக, ஓசையின்றி, எல்லாத் துளைகளிலும் ஒரே உயரத்தில் எரியவேண்டும். மஞ்சள் நுனி தோன்றினால் காற்று போதவில்லை. பாத்திரத்தில் கரி பிடிப்பதோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் பெருகும். பர்னருக்குச் செல்லும் குழலின் வாயில் காற்றுத் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் வளையம் சில அடுப்புகளில் இருக்கும். தூசு அடைத்திருந்தால் சுத்தம் செய்தாலே பாதி சரியாகிவிடும். நல்ல நீலச் சுடரும் நைட்ரஜன் டையாக்சைடு வாயுவை வெளிவிடத்தான் செய்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சன்னலைத் திறந்து வைப்பதும் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடுவதும் அடுப்பின் விலையைவிட முக்கியமானவை.

வாங்குமுன் ஐஎஸ்ஐ முத்திரையையும் அதன்மேல் ஐஎஸ் 4246 என்ற எண்ணையும் தேடுங்கள். வீட்டு எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தர எண் அது. எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதமேனும் பாத்திரத்துக்குள் சென்று சேரவேண்டும் என்பது அத்தரத்தின் விதி. இது சோதனைக்கூடத்தில், அளவான பாத்திரத்தில் கிடைக்கும் கணக்கு. சிறிய பால்பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்துச் சுடரைப் பக்கவாட்டில் ஓடவிடும் நம் சமையலறையில் அவ்வளவு கிடைக்காது. இதனால்தான் ஒரே அளவிலான பர்னர்களைவிட, ஒன்று பெரிதும் ஒன்று நடுத்தரமும் ஒன்று சிறிதுமாக உள்ள அடுப்பு சிறந்தது.

விலை சற்றுக் கூடினாலும் நான் வற்புறுத்திச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. சுடர் அணைந்தால் எரிவாயு தானாக நின்றுவிடும் அமைப்பு அது. பர்னரின் ஓரத்தில் சுடரில் படும்படியாகச் சிறு உலோக முனை ஒன்று நிற்கும். அது சூடாக இருக்கும்வரை மிக நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்கி, உள்ளே உள்ள காந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கும். கஞ்சி பொங்கி வழிந்தோ காற்றடித்தோ சுடர் அணைந்தால், முனை குளிரும். சில நொடிகளில் கதவு மூடிக்கொள்ளும். பற்றவைக்கும்போது குமிழை அழுத்தியபடி சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பது ஒன்றே இதன் சிரமம். சஹருக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பப் போகும் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். வயது முதிர்ந்த மாமியோ உம்மாவோ தனியே சமைக்கும் வீட்டுக்கு இது இன்றியமையாதது. நம் நாட்டில் விற்பனையாகும் சாதாரண மேடை அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் இது இருப்பதில்லை. ஹாப் அடுப்புகள் சிலவற்றில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

தானே பற்றிக்கொள்ளும் வசதியை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது லைட்டர் தேடும் வேலையை மிச்சப்படுத்துவதோடு சரி.

தீயில்லா அடுப்பு

கோடையில் வரும் நோன்பில், இஃப்தாருக்கு முந்திய இரண்டு மணி நேரம் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பது எவ்வளவு வருத்தம் தரும் என்பதை நின்றவர்தாம் அறிவர். தண்ணீரும் குடிக்க இயலாது. இந்த வேளையில் இண்டக்‌ஷன் அடுப்பின் அருமை தெரியும். அதில் தீ இல்லை. கண்ணாடிக்கு அடியில் உள்ள செப்புக்கம்பிச் சுருள் விரைந்து மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி அதனைச் சூடாக்குகிறது. சூடாவது பாத்திரமேயன்றி அடுப்பன்று. செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் உணவைச் சேர்கிறது. சமையலறையின் புழுக்கமும் அதற்கேற்பக் குறைகிறது.

ஆனால் இங்கும் பாத்திரக் கணக்கே முன்னால் வந்து நிற்கிறது. காந்தம் ஒட்டும் அடிப்பகுதி உள்ள பாத்திரம் மட்டுமே இதில் சூடேறும். அலுமினியத் தேக்சா, ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம், செம்பு, மண்சட்டி எதுவும் உதவாது. எவர்சில்வரிலும் சில வகைகளில் காந்தம் ஒட்டாது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கும் காந்த வில்லையை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். இறுக ஒட்டிக்கொண்டால் பயன்படும். அடி தட்டையாகவும் இருக்கவேண்டும். குழிந்த ஆப்பச்சட்டி இதில் நிற்காது. கத்திரிக்காயைச் சுடவும் அப்பளம் வாட்டவும் முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அகலமான பாத்திரம் ஏறினாலும் ஒரு குறை உண்டு. விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்புகளில் உள்ளே இருக்கும் சுருள் ஒரு சாண் அகலமே இருக்கும். பெரிய சட்டியில் நடுப்பகுதி கொதிக்க, ஓரம் வெறுமனே இருக்கும். கஞ்சி நடுவில் அடிபிடிக்கும். குறைந்த சூட்டில் வைத்தால் பல அடுப்புகள் சில நொடிகள் முழு வேகத்தில் இயங்கிச் சில நொடிகள் நின்று, மீண்டும் இயங்கும். வட்டிலப்பத்தை அவிக்க இதனால் தீங்கில்லை. தம்முக்கு இது சுகப்படாது.

மின் இணைப்பையும் கவனிக்க வேண்டும். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ ஒன்பது ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கைபேசிக்கு மின்னேற்றம் செய்யும் 6 ஆம்பியர்ச் செருகியில் இதைச் செருகினால் கம்பி உருகும். நில இணைப்போடு கூடிய 16 ஆம்பியர்ச் செருகி தனியே வேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்போர், இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடியேனும் விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

செலவில் எது மலிவு என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விடை மாறும். கணக்கிடும் முறையை மட்டும் சொல்லி வைக்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் 68 சதவீதம் பாத்திரத்தைச் சேர்ந்தால் 122 யூனிட். அதே வேலையை 85 சதவீதம் தரும் இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 145 யூனிட் வாங்கவேண்டும். ஆகவே, நீங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் தொகையை 145ஆல் வகுங்கள். 870 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6 ரூபாய் வருகிறது. மின்சாரம் யூனிட்டுக்கு அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் இண்டக்‌ஷன் இலாபம். நம் எரிவாயு அடுப்பு 68 சதவீதம் தருவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் சற்று இலாபமே. ஆனால் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. சமையலுக்காகக் கூடும் யூனிட்டுகள் பட்டியலின் கடைசிப் படியிலே போய் விழும். மாதம் ஒரு சிலிண்டர் செலவாகும் வீட்டில், சமையல் முழுவதையும் மாற்றினால் இரண்டு மாதத்தில் 290 யூனிட் கூடும். ஆகவே கணக்கில் சேர்க்கவேண்டியது முதற்படியின் விலையன்று, உங்கள் வீடு எட்டியிருக்கும் கடைசிப் படியின் விலை.

சேமிப்பு எவ்வளவாயினும் ஒரே எரிபொருளை நம்பி இருத்தல் தகாது. 2012ஆம் ஆண்டில் தமிழகத்தின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டர் தாமதமாக வருவதும் புதிதன்று.

கடைகளில் இன்ஃப்ராரெட் என்ற பெயரில் இன்னொரு மின்னடுப்பு இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள சுருள் செந்தழலாகச் சிவந்து சூடு தருவது. அலுமினியம் உட்பட அடி தட்டையான எந்தப் பாத்திரத்தையும் இதில் வைக்கலாம் என்பது இதன் சிறப்பு. அணைத்த பின்னும் வெகுநேரம் கண்ணாடி சுடும். சிவப்பு மறைந்துவிட்டதால் ஆறிவிட்டது என்று நினைத்துக் குழந்தை கைவைத்துவிடக் கூடும். மின்சிக்கனத்திலும் இண்டக்‌ஷனுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

மூன்று வீடுகள்

புதிதாகத் தனிக்குடித்தனம் போகும் தம்பதியர்க்கு, ஒரு பர்னர் பெரிதும் ஒன்று சிறிதுமாக உள்ள இரண்டு பர்னர் எஃகு அடுப்பும், சிறிய இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றும் தாராளம். சீர்வரிசையில் நான்கு பர்னர்க் கண்ணாடி அடுப்பை வைத்து அனுப்பும் பெற்றோர்கள், பெண் போகும் வீட்டு மேடையின் அளவையாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் நலம்.

முதியோர் இருவர் மட்டும் வாழும் இல்லத்துக்கு, சுடர் அணைந்தால் வாயு நிற்கும் அமைப்புள்ள சிறிய ஹாப் அடுப்பையோ இண்டக்‌ஷனையோ முதலிடத்தில் வைப்பேன். குறித்த நேரத்தில் தானாக அணையும் வசதி இண்டக்‌ஷனில் இருப்பது மறதி மிகுந்தவர்களுக்குப் பெருந்துணை.

பத்துப் பேர் உண்ணும் கூட்டுக் குடும்பமாக இருந்தால், அகன்ற எஃகு அடுப்பு ஒன்று. அதோடு, பெருஞ்சமையலுக்கென்று தாழ்வான ஒற்றை அடுப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது சிறந்தது. இடுப்பளவு மேடைக்குப் பன்னிரண்டு கிலோவைத் தூக்கி ஏற்றுவதும், கொதிக்கும் நிலையில் இறக்குவதும் எந்தப் பெண்ணின் முதுகுக்கும் நல்லதன்று. ஆனால் வாடகைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் உயர் அழுத்த அடுப்பை வீட்டுச் சிலிண்டரோடும் வீட்டு ரப்பர்க்குழாயோடும் இணைக்கக் கூடாது. அவற்றின் ரெகுலேட்டரும் குழாயும் வேறு. வீட்டு அழுத்தத்தில் இயங்கும் பெரிய பர்னர் அடுப்பையே கேட்டு வாங்கவேண்டும்.

ராத்தாவின் வீட்டில் இப்போது மூன்று பர்னர் எஃகு அடுப்பு இருக்கிறது. வாங்கும் நாளில் அவரே கடைக்கு வந்தார். பையிலிருந்து தேக்சா மூடியை எடுத்துப் பர்னர்மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பர்னரில் கஞ்சிச்சட்டி மூடியையும் வைத்தார். கடைப்பையன்கள் சிரித்தார்கள். மூன்று அடுப்புகளை ஒதுக்கிவிட்டு நான்காவதைத் தேர்ந்தெடுத்தார். சஹர் நேரத்தில் ஆணம் சுடவைக்கவும் தேநீருக்கும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு ஓரமாக இருக்கிறது. அதனை வாங்கி வந்தது மகன்தான். இந்த முறை வாங்குமுன், "உம்மா, உங்கள் பாத்திரத்தில் எதிலெல்லாம் காந்தம் ஒட்டுகிறது?" என்று தொலைபேசியில் கேட்டிருந்தான். பதினொன்றில் நான்கில் ஒட்டியது.